மர டெக் மேல் கல் தளம் போடலாமா? எடையை விட ஆபத்தானது எது? முழு விளக்கம்

2015 ஜூன் 16, நள்ளிரவு தாண்டிய நேரம். அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாகாணத்தில் உள்ள பெர்க்லி நகரில், ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் ஐந்தாவது மாடியில் 21-வது பிறந்தநாள் கொண்டாட்டம் நடந்துகொண்டிருந்தது. பால்கனியில் 13 பேர் நின்றிருந்தார்கள். திடீரென அந்தப் பால்கனி சுவர் ஓரத்தில் முறிந்து கவிழ்ந்தது. 6 பேர் உயிரிழந்தனர். 7 பேர் படுகாயமடைந்தனர். பெரும்பாலானோர் கோடைக்கால வேலைக்காக அயர்லாந்தில் இருந்து வந்திருந்த மாணவர்கள்.

அந்தக் கட்டடம் கட்டி முடிக்கப்பட்டு பத்து ஆண்டுகள்கூட ஆகியிருக்கவில்லை. "ஆட்கள் அதிகமா ஏறிட்டாங்க, அதான் விழுந்துடுச்சு" என்ற பேச்சு முதலில் எழுந்தது. ஆனால் விசாரணையில் தெரியவந்தது வேறு. பால்கனியைத் தாங்கிய மரக்கட்டைகள் ஈரத்தில் ஊறி, உள்ளுக்குள்ளேயே மக்கிப்போயிருந்தன. மேலே இருந்து பார்த்தால் தளம் நன்றாகத்தான் இருந்தது. கீழே இருந்து பார்த்தாலும் ஒன்றும் தெரியவில்லை. காரணம், கட்டைகளைச் சுற்றி எல்லாப் பக்கமும் மூடியிருந்தது.

இப்போது வீடு கட்டுபவர்கள் பலர் கேட்கும் ஒரு கேள்விக்கும் இந்தச் சம்பவத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. சாய்வான நிலத்திலோ, தோட்டத்தை ஒட்டியோ, தரையில் இருந்து உயர்த்தி ஒரு மர மேடை. அதன் மேல் பலகைக்குப் பதிலாக கிரானைட், கோட்டா, கடப்பா போன்ற கல் பதித்த தளம். பார்க்க அழகாக இருக்கும். ஆனா, மரம் கல்லைத் தாங்குமா?

தாங்கும். ஆனால் சில நிபந்தனைகள் உண்டு. அவற்றில் முக்கியமானது எடை இல்லை.

டெக் என்பது என்ன?

தரையில் இருந்து உயர்த்தி, வீட்டை ஒட்டியோ தனியாகவோ திறந்தவெளியில் போடும் மர மேடைதான் டெக். அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் இது சாதாரணமாகப் பார்க்கக்கூடியது. நம் ஊரில் ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு போன்ற மலைப்பகுதி விடுதிகளிலும், தோட்ட வீடுகளிலும் பார்க்கலாம்.

இதன் அமைப்பு எளிமையானது. கீழே அஸ்திவாரம். அதன் மேல் தூண்கள். தூண்கள் மேல் உத்திரம். உத்திரத்துக்குக் குறுக்கே, ஒன்றுக்கொன்று சம இடைவெளியில் வரிசையாகப் படுக்கும் துலாக்கட்டைகள். அவற்றின் மேல் பலகை. வீட்டை ஒட்டிய டெக் என்றால், ஒரு பக்கத்தில் தூணுக்குப் பதிலாக, சுவரோடு பொருத்திய ஒரு நீளக் கட்டையில் துலாக்கட்டைகள் உட்காரும்.

பலகை வெயிலில் வெளுக்கும், மழையில் வழுக்கும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எண்ணெயோ பெயின்ட்டோ கேட்கும். அதனால்தான் பலருக்கும் "மேல கல்லைப் போட்டுட்டா பிரச்னை தீர்ந்தது" என்று தோன்றுகிறது. ஆனால் மேலே தெரிகிற பிரச்னை தீரும்போது, கீழே தெரியாத மூன்று பிரச்னைகள் தொடங்குகின்றன. எடை, வளைவு, தண்ணீர்.

முதல் கணக்கு: எடை

அமெரிக்க வீட்டுக் கட்டுமான விதிகளின்படி, வழக்கமான ஒரு டெக் சதுர அடிக்கு 40 பவுண்டு, அதாவது சுமார் 18 கிலோ நடமாடும் சுமையைத் தாங்கவேண்டும். ஆட்கள், நாற்காலி, மேசை எல்லாம் இதில் அடக்கம். இதுதவிர, டெக்கின் சொந்த எடைக்காக சதுர அடிக்கு 10 பவுண்டு, அதாவது சுமார் 4.5 கிலோ ஒதுக்கப்படுகிறது. துலாக்கட்டை எவ்வளவு தடிமன், எத்தனை அடி நீளம் என்று சொல்லும் வழக்கமான அட்டவணைகள் எல்லாம் இந்தக் கணக்கை வைத்துத்தான் போடப்பட்டவை.

இப்போது கல்லின் எடையைப் பார்ப்போம். கிரானைட் ஒரு கன மீட்டருக்கு சுமார் 2,650 கிலோ. அதன்படி சதுர அடிக்கு:

- 20 மி.மீ. கிரானைட்: சுமார் 5 கிலோ
- 30 மி.மீ. கிரானைட்: சுமார் 7.4 கிலோ
- 50 மி.மீ. கனமான கல்: சுமார் 12 கிலோ
- 60 மி.மீ. சிமென்ட் பேவர் பிளாக்: சுமார் 13 கிலோ
- கல்லுக்கு அடியில் போடும் 40 மி.மீ. சிமென்ட் கலவை: சுமார் 7.5 கிலோ
- ஒப்பீட்டுக்கு, ஒரு அங்குலத் தேக்குப் பலகை: சுமார் 1.5 கிலோ

அதாவது, மிக மெல்லிய 20 மி.மீ. கிரானைட்டே, டெக்கின் மொத்த சொந்த எடைக்காக ஒதுக்கிய 4.5 கிலோவைத் தாண்டிவிடுகிறது. இன்னும் மரத்தின் எடையைச் சேர்க்கவே இல்லை.

10 அடிக்கு 12 அடி அளவில் ஒரு சின்ன டெக்கை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 120 சதுர அடி. பலகை மட்டும் போட்டால் சுமார் 180 கிலோ. 20 மி.மீ. கிரானைட்டை 40 மி.மீ. கலவையில் பதித்தால் கிட்டத்தட்ட ஒன்றரை டன். ஒரு காரைத் தூக்கி மேலே நிறுத்தியது போல. கார் என்றால் கிளப்பிக்கொண்டு போய்விடலாம். கல் அங்கேயேதான் இருக்கும், ராத்திரி பகலாக.

இதில் கவனிக்க வேண்டியது, கல்லை விடக் கலவைதான் கனம். எனவே "மெல்லிய கல்தானே போடுறோம்" என்று நினைத்து அடியில் தடிமனாகக் கலவையைக் கொட்டினால் கணக்கு மொத்தமாக மாறிவிடும்.

சரி, எடையைச் சமாளிக்க முடியாதா? முடியும். துலாக்கட்டைகளின் இடைவெளியை வழக்கமான 16 அங்குலத்தில் இருந்து 12 அங்குலமாகக் குறைக்கலாம். கட்டையின் உயரத்தைக் கூட்டலாம். நடுவில் இன்னொரு உத்திரம் கொடுக்கலாம். தூண், அஸ்திவாரம் இரண்டையும் அதற்கேற்பப் பெரிதாக்கலாம். இதெல்லாம் ஒரு கட்டுமானப் பொறியாளருக்குச் சில மணி நேர வேலை. எடை என்பது கணக்குப் போட்டுத் தீர்க்கக்கூடிய பிரச்னை.

இரண்டாவது கணக்கு: வளைவு

மரம் உடையாமல் தாங்கினால் மட்டும் போதாது. வளையாமலும் இருக்கவேண்டும். மரத்துக்கு வளையத் தெரியும், கல்லுக்குத் தெரியாது. கீழே இருக்கும் கட்டை லேசாக வளைந்தாலே மேலே இருக்கும் கல்லோ, கல்லுக்கு இடையிலான பாயிண்டிங்கோ கீறல் விடும்.

சாதாரணத் தளத்தில், இரு தாங்கிகளுக்கு இடையே உள்ள நீளத்தில் 360-ல் ஒரு பங்கு வரை வளைவை அனுமதிப்பார்கள். 10 அடி நீளத்துக்கு அது சுமார் 8.5 மி.மீ. இயற்கைக் கல் பதிக்கும் தளம் என்றால், 720-ல் ஒரு பங்கு என்பது அமெரிக்கக் கல் பதிப்புத் துறையின் நெறி. அதாவது சுமார் 4 மி.மீ. தான். கல்லுக்கான மரச்சட்டம், சாதாரணச் சட்டத்தை விட இரண்டு மடங்கு விறைப்பாக இருக்கவேண்டும் என்பதே இதன் பொருள்.

இங்கே ஒரு எளிய விதி கைகொடுக்கும். கட்டையின் அகலத்தை இரட்டிப்பாக்கினால் விறைப்பு இரண்டு மடங்குதான் கூடும். உயரத்தை இரட்டிப்பாக்கினால் எட்டு மடங்கு கூடும். அதனால்தான் துலாக்கட்டையை எப்போதும் படுக்கையாக வைக்காமல் குத்துவசமாக நிறுத்துகிறார்கள். அதே போல, நடுவில் ஒரு உத்திரம் கொடுத்து நீளத்தைப் பாதியாக்கினால், வளைவு ஏறத்தாழ பதினாறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். செலவு குறைவு, பலன் அதிகம்.

இன்னொரு விஷயம். மரம் நிரந்தரச் சுமைக்கு நாளாக நாளாகக் கூடுதலாக வளையும். பழைய வீட்டுப் புத்தக அலமாரியின் பலகை நடுவில் தொய்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். முதல் நாள் அது நேராகத்தான் இருந்திருக்கும். அமெரிக்க மரக்கட்டுமான வடிவமைப்பு நெறிகளின்படி, நன்றாகக் காய்ந்த மரம் நிரந்தரச் சுமையில் தொடக்கத்தில் வளைவதைப் போல ஒன்றரை மடங்கு வரை போய் நிற்கும். பச்சை மரமோ, ஈரத்தில் இருக்கும் மரமோ என்றால் இரண்டு மடங்கு.

விருந்துக்கு வரும் கூட்டம் இரண்டு மணி நேரத்தில் கிளம்பிவிடும். கல் கிளம்பாது. எனவே ஒரே எடை என்றாலும், கூட்டத்தின் எடையும் கல்லின் எடையும் மரத்துக்கு ஒன்றல்ல.

மூன்றாவது: தண்ணீர்

மேலே சொன்ன இரண்டும் காகிதத்தில் கணக்குப் போடக்கூடியவை. தண்ணீர் அப்படி இல்லை.

மரத்தை மக்க வைப்பது தண்ணீர் நேரடியாக அல்ல, ஈரத்தில் வளரும் பூஞ்சை. மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை அந்தப் பூஞ்சையால் வளர முடியாது. மழையில் நனைந்தாலும், காற்று பட்டுச் சீக்கிரம் காய்ந்துவிட்டால் மரத்துக்கு ஒன்றும் ஆகாது. நனைவது பிரச்னை இல்லை, காயாமல் இருப்பதுதான் பிரச்னை.

பலகை போட்ட டெக்கில் பலகைகளுக்கு நடுவே இடைவெளி இருக்கும். தண்ணீர் வழிந்து கீழே போய்விடும், காற்று மேலும் கீழும் ஓடும். அதே டெக்கில் கலவை போட்டுக் கல் பதித்தால் இந்த வழி அடைபடுகிறது. கல்லுக்கு இடையிலான பாயிண்டிங்கில் முடி போன்ற ஒரு கீறல் போதும், தண்ணீர் உள்ளே இறங்கிவிடும். இறங்கிய தண்ணீர் கலவையில் ஊறி, பிளைவுட்டில் ஊறி, துலாக்கட்டையின் தலையில் போய் உட்கார்ந்துவிடும். வெயில் அடித்தாலும் மேலே கல் மூடியிருப்பதால் அது காயாது. அடியிலும் அழகுக்காக ஃபால்ஸ் சீலிங் அடித்துவிட்டால், மரம் ஒரு மூடிய பெட்டிக்குள் மாட்டிக்கொள்கிறது.

மர டெக்கில் பலகை மக்கினால் கால் வைக்கும்போதே தெரியும். கல் தளத்தில் கட்டை மக்கினால் கால் வைக்கும்போது தெரியாது. கல் கடைசி நாள் வரை உறுதியாகவே இருக்கும். ஆபத்தே அதுதான்.

பெர்க்லி சம்பவத்துக்குப் பிறகு என்ன மாறியது?

விபத்து நடந்த அடுத்த மாதமே பெர்க்லி நகர சபை கட்டட விதிகளைத் திருத்தியது. மழை, வெயில் படும் மர பால்கனிகளின் மூடிய அடிப்பகுதிக்குக் காற்றோட்டம் இருக்கவேண்டும், ஏற்கெனவே உள்ளவற்றைக் குறிப்பிட்ட காலத்துக்குள் சோதிக்கவேண்டும் என்று உத்தரவிட்டது.

பிறகு கலிஃபோர்னியா மாகாணமே இரண்டு சட்டங்கள் கொண்டுவந்தது. 2018-ல் வந்த சட்டம், மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட வீடுகள் கொண்ட வாடகைக் குடியிருப்புகளுக்கானது. தரையில் இருந்து 6 அடிக்கு மேல் உயரத்தில், மரத்தால் தாங்கப்படும் பால்கனி, டெக், வெளிப்புறப் படிக்கட்டு, நடைபாதை ஆகியவற்றை 6 ஆண்டுகளுக்கு ஒருமுறை சோதிக்கவேண்டும் என்கிறது அது. 2019-ல் வந்த இன்னொரு சட்டம், சொந்த வீட்டுக்காரர்கள் சங்கம் நிர்வகிக்கும் அடுக்குமாடிகளுக்கு 9 ஆண்டுகளுக்கு ஒருமுறை சோதனையைக் கட்டாயமாக்கியது.

இந்தச் சட்டங்கள் மரத்தைத் தடைசெய்யவில்லை. மேலே என்ன பதிக்கலாம், கூடாது என்பதும் அவற்றின் கவலை இல்லை. அவை கேட்பது ஒன்றுதான்: தாங்கும் மரமும், அதைக் காக்கும் நீர்த்தடுப்பும் இப்போது எந்த நிலையில் இருக்கின்றன என்று யாராவது நேரில் பார்த்தாக வேண்டும்.

மெட்ராஸ் டெரஸ் சொல்லும் பாடம்

மரத்தின் மேல் செங்கல்லும் ஓடும் ஏற்றுவது நமக்குப் புதிது இல்லை. சென்னை ஜார்ஜ் டவுன், மயிலாப்பூர் தொடங்கி தமிழ்நாட்டின் பல ஊர்களில் இன்றும் நிற்கும் பழைய வீடுகளின் மாடித்தளம் அப்படிப்பட்டதுதான். கட்டடக்கலையில் இதற்குப் பெயரே 'மெட்ராஸ் டெரஸ்'.

தேக்குத் துலாக்கட்டைகளை நெருக்கமாகப் பரப்பி, அவற்றின் மேல் மெல்லிய செங்கற்களைச் சுண்ணாம்புக் கலவையில் குத்துவசமாக, மூலைவிட்டமாக அடுக்குவார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்த்த கான்கிரீட்டைக் கொட்டி, மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்குவார்கள். அதற்கும் மேல் தட்டோடு பதிப்பார்கள். மொத்தத்தில் சதுர அடிக்கு 25 கிலோவுக்கு மேல் எடை வரக்கூடிய தளம் இது. மேலே பார்த்த கிரானைட் டெக்கை விட இரு மடங்கு கனம். ஆனால் நூறு ஆண்டு தாண்டிய தளங்கள் இன்னமும் இருக்கின்றன.

எப்படி? தேக்கின் தரம், நெருக்கமான இடைவெளி, தண்ணீர் ஓட வாட்டம் என்று பல காரணங்கள் உண்டு. அதிகம் பேசப்படாத ஒரு காரணமும் இருக்கிறது. அந்த வீடுகளில் அறைக்குள் நின்று அண்ணாந்து பார்த்தால் துலாக்கட்டைகள் அப்படியே தெரியும். ஒழுகினால் அன்றைக்கே கறை தெரியும். கரையான் ஏறினால் மண் கோடு தெரியும். கட்டையின் மூன்று பக்கமும் காற்று படும். வீட்டில் இருப்பவர்களே தினமும் சோதனை அதிகாரிகள்.

அந்தத் தளங்கள் கெட்டுப்போன இடங்களைப் பார்த்தாலும் இதே பாடம்தான். பெரும்பாலும் சுவருக்குள் புதைந்திருக்கும் கட்டையின் முனைதான் முதலில் மக்கும். ஏனென்றால் அங்கேதான் காற்றும் படாது, கண்ணும் படாது.

சரி, எப்படித்தான் கட்டுவது?

மரச்சட்டத்தின் மேல் கல் போட இன்று இரண்டு வழிகள் உள்ளன.

முதல் வழி, திறந்த தளம். இதில் கலவையே கிடையாது. துலாக்கட்டைகளின் மேல் கனமான பிளாஸ்டிக் அல்லது உலோகக் கிராதியைப் பொருத்தி, அதன் மேல் கற்களைச் சில மில்லிமீட்டர் இடைவெளி விட்டு அடுக்குவார்கள். மழைத் தண்ணீர் இடைவெளி வழியாக நேராகக் கீழே போய்விடும். கலவை இல்லாததால் எடை பாதிக்கும் கீழே குறைகிறது. எந்தக் கல்லையும் எப்போது வேண்டுமானாலும் தூக்கிப் பார்க்கலாம். துலாக்கட்டையின் மேல் முகத்தில் மட்டும் நீர் புகாத டேப் ஒட்டிவிடுவார்கள். திறந்தவெளி டெக்குக்கு, கீழே அறை எதுவும் இல்லை என்றால், இதுதான் நல்ல வழி.

இரண்டாவது வழி, மூடிய தளம். கீழே அறையோ கார் நிறுத்துமிடமோ இருந்தால் தண்ணீர் இறங்கக்கூடாது. அப்போது துலாக்கட்டைகளின் மேல் தண்ணீரைத் தாங்கும் பிளைவுட், அதன் மேல் வாட்டர்புரூஃப் மெம்பரேன், அதற்கும் மேல் கல். இதில் தவறுக்கு இடமே இல்லை. கவனிக்க வேண்டியவை இவை:

- வாட்டம் பிளைவுட்டிலேயே இருக்கவேண்டும். 10 அடிக்கு இரண்டு, இரண்டரை அங்குலம். "மேலே கலவையில வாட்டம் குடுத்துக்கலாம்" என்பது பெரிய தப்பு. கல்லைத் தாண்டி இறங்கும் தண்ணீர் மெம்பரேன் மேல் தேங்கிவிடும்.
- மெம்பரேன் சுவரோடு முடியக்கூடாது. சுவரில் ஆறு அங்குலமாவது ஏறவேண்டும். வாசற்படிக்கு அடியிலும் போகவேண்டும்.
- வெளி விளிம்பில் தண்ணீர் சொட்டி விழ உலோகத் தகடு வேண்டும். இல்லையென்றால் தண்ணீர் திரும்பி மரத்தை நோக்கியே ஓடும்.
- கல் பதிக்கும் முன் 24 மணி நேரம் தண்ணீர் கட்டிச் சோதிக்கவேண்டும். கல் பதித்த பிறகு ஒழுகல் தெரிந்தால் எல்லாவற்றையும் பெயர்க்க வேண்டிவரும்.
- தண்ணீர் போகும் குழாய் இரண்டு வேண்டும். இலை அடைத்து ஒன்று நின்றுபோனால் இன்னொன்று வேலை செய்யும். 120 சதுர அடி தளத்தில் 4 அங்குலம் தண்ணீர் தேங்கினால் அதன் எடை மட்டும் 1,100 கிலோவுக்கு மேல்.

இந்த இரண்டாவது முறையிலும் கலவையைத் தவிர்க்க வழி உண்டு. மெம்பரேன் மேல் பெடஸ்டல் எனப்படும் உயரம் திருத்தக்கூடிய பிளாஸ்டிக் கால்களை வைத்து, அவற்றின் மேல் கற்களை அடுக்கலாம். தண்ணீர் கல்லுக்கு அடியில் தடையில்லாமல் ஓடும். ஆனால் மெல்லிய செராமிக் வகைக் கற்களை இப்படி நான்கு மூலையில் மட்டும் தாங்கினால், கனமான பொருள் விழும்போது மொத்தமாக உடைந்துவிடக்கூடும். அதற்கேற்ற அடித்தாங்கி வேண்டும். புயல் வரும் கடலோர ஊர்களில், உயரமான மாடியில் ஒட்டாமல் அடுக்கிய கல்லைக் காற்று தூக்கிவிடும் ஆபத்தும் உண்டு. அங்கே கல்லைப் பிடித்து வைக்கும் அமைப்பு கட்டாயம்.

பலர் கோட்டைவிடும் இடங்கள்

சுவர் இணைப்பு: வீட்டை ஒட்டிய டெக்கில் பாதி எடை சுவரோடு பொருத்திய கட்டையில்தான் நிற்கும். அதை ஆணி அடித்து நிறுத்தக்கூடாது. ஆணி நேராக வெளியே உருவிக்கொண்டு வந்துவிடும். போல்ட் தேவை. அந்த இணைப்பின் மேல் தண்ணீர் புகாமல் உலோகத் தகடும் தேவை.

தூணின் கால்: மரத்தூணை மண்ணிலோ கான்கிரீட்டிலோ புதைக்கக்கூடாது. தரைக்கு மேலே தூக்கி நிற்கும் உலோகக் காலணியில் உட்கார வைக்கவேண்டும். ஈரமும் கரையானும் முதலில் ஏறுவது அங்கே இருந்துதான். எடை கூடுவதால் அஸ்திவாரமும் பெரிதாக வேண்டும். கரிசல் மண் என்றால், அது ஈரத்தில் உப்பிக் கோடையில் சுருங்கும் என்பதால் மண் பரிசோதனையைத் தவிர்க்கக்கூடாது.

மரம்: ஆசாரிகள் 'வைரம் பாய்ந்த கட்டை' என்று சொல்வது மரத்தின் நடுப்பகுதியை. சுற்றியுள்ள வெள்ளைப் பகுதி, தேக்காகவே இருந்தாலும், சீக்கிரம் மக்கும். மருந்து ஏற்றிய மரம் என்றால் எந்த மருந்து என்று கேட்க வேண்டும். தாமிரம் கலந்த மருந்துகள் சாதாரண இரும்பு ஸ்க்ரூவை அரித்துவிடும். கால்வனைஸ்டு அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் சரி. கடலோரத்தில் உப்புக்காற்றுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் நல்லது.

உயரம்: இருக்கிற டெக் மேல் கல் ஏற்றினால் தரைமட்டம் 3, 4 அங்குலம் உயரும். அவ்வளவுக்குக் கைப்பிடி குட்டையாகிவிடும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இது சின்ன விஷயம் இல்லை. வாசற்படியும் தளத்தோடு சமமாகிவிட்டால், அடைமழையில் தண்ணீர் வீட்டுக்குள் வரும்.

ஏற்கெனவே உள்ள டெக்கில் கல் போடலாமா?

பலகைக்காகக் கட்டிய டெக்கில், கணக்குப் பார்க்காமல் கல் ஏற்றவே கூடாது. மேலே பார்த்தபடி, அது தாங்க வேண்டிய சொந்த எடை இரண்டு, மூன்று மடங்காகிவிடும். "பத்து வருஷமா நிக்குது, ஒண்ணும் ஆகலையே" என்பது பலகை எடைக்கான சாட்சி. கல்லின் எடைக்கு அது சாட்சி ஆகாது.

மரமே தேவைதானா என்றும் யோசிக்கலாம். மேடை இரண்டு அடி உயரம்தான் என்றால், ஓரத்தில் சுவர் கட்டி, உள்ளே மண்ணும் ஜல்லியும் நிரப்பி இறுக்கி, அதன் மேல் கல் பதிப்பது எளிது, நீடிக்கும். உயரம் அதிகம் என்றால் கான்கிரீட் தளமோ இரும்புச் சட்டமோ கல்லுக்குப் பொருத்தமாக இருக்கும். அவையும் துருப்பிடிக்கும் என்பதால் தண்ணீர் விஷயத்தில் சலுகை கிடையாது. மரத்தை வெட்டவோ மண்ணைத் தோண்டவோ முடியாத மலைச்சரிவு, கனரக வண்டி போக முடியாத இடம், கீழே காற்றும் வெளிச்சமும் போகவேண்டிய இடம் போன்றவற்றில் மரச்சட்டத்துக்கு நியாயம் உண்டு.

உடனே கவனிக்க வேண்டிய அறிகுறிகள் என்ன?

ஏற்கெனவே இப்படி ஒரு தளம் வீட்டிலோ, தங்கும் விடுதியிலோ இருந்தால் கவனிக்க வேண்டியவை:

- கல் தளத்தில் ஒரே நேர்கோட்டில் ஓடும் கீறல். கீழே ஒரு கட்டை இறங்குகிறது என்று அர்த்தம்.
- சுவருக்கும் தளத்துக்கும் நடுவே புதிதாகத் தெரியும் இடைவெளி.
- அடியில் கறுப்புக் கறை, துரு வழிந்த கோடு, வெள்ளைப் பூஞ்சை, காளான், கரையான் மண் கோடு.
- மழை நின்ற மறுநாளும் ஒரே இடத்தில் தேங்கியிருக்கும் தண்ணீர்.
- நடக்கும்போது முன்பு இல்லாத அதிர்வு.
- ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் எதிர்ப்பு இல்லாமல் உள்ளே இறங்கும் மரம்.

கடைசி அறிகுறி தெரிந்தால், பொறியாளர் வந்து பார்க்கும்வரை யாரையும் அதன் மேல் ஏறவிடக்கூடாது. கீழேயும் யாரும் நிற்கக்கூடாது. முட்டுக் கொடுப்பதைக்கூட அனுபவம் உள்ளவர்களிடம் விட்டுவிடுவது நல்லது.

அடிப்பகுதி முழுக்க மூடியிருந்தால் என்ன செய்வது? ஃபால்ஸ் சீலிங்கில் சுவர் ஓரமாக ஒன்றிரண்டு இடங்களில் கைநுழையும் அளவுக்குத் திறப்பு வைத்து, வலை மூடி போட்டுவிடலாம். காற்றும் போகும், டார்ச் அடித்துப் பார்க்கவும் முடியும். புதிதாகக் கட்டுபவர்கள் கொத்தனாரிடமும் ஆசாரியிடமும் கேட்க வேண்டிய முதல் கேள்வி "எந்தக் கல் போடலாம்?" என்பது இல்லை. "தண்ணி எந்த வழியா வெளியே போகும்? கட்டையை நான் எங்கிருந்து பார்க்கலாம்?" என்பதுதான். இரண்டுக்கும் தெளிவான பதில் கிடைத்த பிறகு கல்லின் நிறத்தைத் தேர்வு செய்யலாம்.